சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே

அந்த மழைக்காலம் முழுக்க என் கண்ணில் பட்டதெல்லாம் சட்டங்கள்தான். மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் நின்று கீழே பார்ப்பேன். தண்டவாளங்களுக்குக் குறுக்கே இரண்டு கால் ஊன்றி, மின்கம்பியைத் தாங்கிக்கொண்டு இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் குறுக்குக் கம்பியில் சுழலும் வெட்டுத் தலை ஒன்றை மாட்டி, அடியில் போகிற ஒவ்வொரு ரயிலின் கூரையிலும் ஒரு மயிலைச் செதுக்கி அனுப்பினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நிற்பேன். மழையில் நனைந்த மயில்களோடு ரயில்கள் கல்யாண் பக்கம் போய்க்கொண்டிருக்கும். பின்னால் வருகிறவர்கள் இடிப்பார்கள், ஆன்ட்டி, பாஜு ஹட்டோ என்பார்கள். நகர்ந்தால்தானே.

நான் தாராவியில் சீனி அச்சு செதுக்குகிறவள். இரண்டு தேக்குப் பலகையில் பலகைக்குப் பாதியாக ஒரு மயிலைக் குழிவாகச் செதுக்க வேண்டும். இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டி, காய்ச்சிய சீனிப்பாகை ஊற்றினால், ஆறியதும் முழு மயில் வெளியே வரும். கல்யாணச் சீர்த் தட்டில் உட்கார்ந்திருக்கிற சீனி மயில், சீனிக் கோபுரம், சீனித் தேங்காய் எல்லாம் இப்படிப் பிறந்தவைதான். மாட்டுங்காவில் கல்யாணச் சமையல் எடுக்கிறவர்கள் என்னிடம் அச்சு வாங்குவார்கள். குடி பாட்வா என்கிற வருஷப் பிறப்புக்கு முன்னால் மராத்திக்காரர்கள் சர்க்கரை மாலை அச்சு கேட்டு வருவார்கள். இத்தனையும் என் வலது கையில் இருந்தது. அந்தக் கைதான் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

முதலில் கட்டைவிரல் மரத்தது. பிறகு மணிக்கட்டு. ஒருநாள் காபி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தபோது டாக்டரிடம் போனேன். உளியையும் கொட்டாப்புளியையும் இனிமேல் தொடக்கூடாது, தொட்டால் நாளைக்குச் சோறு பிசையக்கூட இந்தக் கை வராது என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. பம்பாயில் எனக்குப் பிடித்த விஷயம் அது.

மகனுக்குச் சேதி போனது. கோபர்கைரனேயில் அவனுக்கு ஃப்ளாட் இருக்கிறது, கம்ப்யூட்டர் வேலை. தாராவி ரூமை வாடகைக்கு விட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்று அவன் கேட்டுக்கொண்டிருப்பது புதிதல்ல. இப்போது அவனுக்குப் பலமான காரணம் கிடைத்துவிட்டது. நல்ல பிள்ளை, மருமகளும் தங்கம், குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அங்கே எனக்கு என்ன இருக்கிறது? பால்கனியில் உட்கார்ந்து எதிர் பில்டிங்கில் காய்கிற துணியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேலை இல்லாமல் உட்கார வைத்தால் செத்துப்போவேன்டா என்று போனிலேயே சொல்லிவிட்டேன். அவன் பெருமூச்சு விட்டான். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். தீபாவளி வரைக்கும் தவணை. அதற்குள் கையை நோகடிக்காமல் அச்சு செய்ய ஒரு வழி கண்டுபிடித்தால் அவன் அந்தப் பேச்சை எடுக்க மாட்டான். இல்லாவிட்டால் தீபாவளியோடு மூட்டை கட்ட வேண்டும்.

வழி என் போனில்தான் இருந்தது. கைக்கு ஓய்வு கொடு என்று டாக்டர் சொன்னதால் படுத்துக்கொண்டு வீடியோ பார்த்தேன். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள், பனி பெய்கிற ஊர்க்காரர்கள்கூட, வீட்டுக் கொட்டகையில் தாங்களே ஒரு மெஷின் கட்டுகிறார்கள். சி.என்.சி. ரவுட்டர் என்று பெயர். கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டுக் கொடுத்தால், சுழலும் தலை ஒன்று இடம் வலமாகவும் மேலும் கீழுமாகவும் உள்ளும் வெளியுமாகவும் தானே நகர்ந்து மரத்தைக் குடையும். அவர்கள் பேசுகிற பாஷை பாதி புரியாது. சத்தத்தை அணைத்துவிட்டு கைகளை மட்டும் பார்ப்பேன். மரத்தூள் மெதுவாக எழும்பி மெதுவாக விழும். வெளியே தகரத்தில் மழை கொட்டும். பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன், தூக்கத்திலும் அந்தத் தலை நகர்ந்துகொண்டே இருக்கும்.

ரெடிமேட் மெஷின் நமக்குக் கட்டுப்படியாகாது. அதைவிட, கட்டுப்படியானாலும் எங்கள் சந்துக்குள் வராது. எங்கள் சந்தில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் தோளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஆகவே துண்டு துண்டாக வாங்கி, துண்டு துண்டாக உள்ளே கொண்டுவந்து, வீட்டுக்குள் முடுக்கிக் கட்டவேண்டும். இதை முடிவு பண்ணிய நாளிலிருந்து நான் வேறு ஆளாகிவிட்டேன். மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்குகிற கையோடு இரும்பு பொறுக்க ஆரம்பித்தேன்.

சட்டத்துக்கு மூன்று வழி இருந்தது. வீடியோக்காரர்கள் பாதிப்பேர் பிளைவுட்டில் கட்டுகிறார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் ஆடி மாதம் தண்ணீர் கசியும், பிளைவுட் அப்பளமாகப் பொரிந்துவிடும். அலுமினியச் சட்டம் பார்க்க வெள்ளிப் பாத்திரம் மாதிரி இருக்கும், நீளத்துக்கும் பள்ளமாகக் காடி வெட்டி வரும், எப்படி வேண்டுமானாலும் கோர்க்கலாம். விலையைக் கேட்டுவிட்டு ஒரு முறை தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மிச்சம் இரும்புச் சதுரக் குழாய். அதை வெல்டிங் செய்தால் சூட்டில் இழுத்துக்கொண்டு கோணிவிடும். அதனால் நேராக அறுத்து, துளை போட்டு, போல்ட்டால் முடுக்குவது என்று தீர்மானித்தேன். துருப்பிடிக்காமல் பெயின்ட். என்ன கலர் என்று வீட்டுக்காரர் கேட்டார். மயில் கழுத்துக் கலர் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்குத்தான் சொன்னார்.

வீட்டுக்காரர் மாட்டுங்காவில் ஒரு டிபன் ஹோட்டலில் மாஸ்டர். விடியுமுன்பே போய் இட்லிக்கும் உப்புமாவுக்கும் அடுப்பைப் பற்றவைத்து, மதியம் வீடு திரும்பி, சாப்பிட்டுப் பாயைப் போட்டுப் படுத்துவிடுவார். சாயங்காலம்வரை உருண்டு படுக்காத தூக்கம். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்துதான் உளி அடிப்பேன். ஒருநாளும் எழுந்ததில்லை.

பாகங்கள் வாங்க செம்பூர் பக்கம் ஒரு பங்கார் கடைக்குப் போவேன். பழைய மெஷின்களை உடைத்து உறுப்பு உறுப்பாகப் பிரித்து வைத்திருப்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினால் தலைக்கு மேலே மோனோ ரயில் பாதை. ஒற்றைக் கான்கிரீட் உத்தரம், அதை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு ஓடுகிற வண்டிக்காகக் கட்டியது. அன்று வண்டி எதுவும் வரவில்லை, வெறும் உத்தரம் மழையில் வளைந்து போய்க்கொண்டிருந்தது. அட, எனக்கு வேண்டியது இதுதானே என்று தோன்றியது. தலை நகர்வதற்கு, உருட்டுக் கம்பியில் வழுக்கிப்போகிற வகை மலிவு, ஆனால் நடுவில் தொய்யும். ரயில் என்று சொல்கிற பட்டைக் கம்பியும் அதைக் கவ்வுகிற கட்டையும் விலை கூட, ஆனால் அசையாது. கவ்வுகிறதையே வாங்குவது என்று அந்த உத்தரத்தின் கீழே நின்று முடிவு செய்தேன். கடைக்காரர் குவித்துப் போட்ட ரயில்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, அடியில் வெளிச்சம் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தேன். ஒழுகாததை எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் தன் ஆட்களிடம் இந்தியில் இந்த அம்மா மாப்பிள்ளை பார்க்கிறாள் என்றார். மாப்பிள்ளை என்றால் இவ்வளவு பார்க்க மாட்டேன் என்று நானும் இந்தியிலேயே சொன்னேன்.

தலையை மேலும் கீழும் ஏற்றி இறக்குகிற திருகில்தான் ரொம்ப நாள் திண்டாடினேன். உள்ளே குண்டு ஓடுகிற திருகு எண்ணெயாய் வழுக்கும், துல்லியம். ஆனால் எங்கள் சந்தில் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடினால் கரன்ட் பட்டென்று போகும். போனால் அந்த வழுக்குகிற திருகில் கனமான தலை தானே சரிந்து கீழே வந்துவிடும். சாதாரண மரைத் திருகு கொஞ்சம் சோம்பேறி, ஆனால் கரன்ட் போனாலும் நின்ற இடத்தில் நிற்கும். சோம்பேறியையே எடுத்தேன். வெட்டுகிற தலைக்குக் கையில் பிடிக்கும் சின்ன ரவுட்டரையே மாட்டிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அது போடுகிற கூச்சலில் பிணம் எழுந்துவிடும். தண்ணீர் ஓடிக் குளிர்கிற ஸ்பிண்டில் மோட்டார் விலை அதிகம், சத்தம் குறைவு. பாயில் படுத்திருக்கிறவரைப் பார்த்தேன். தண்ணீர் ஸ்பிண்டிலே வாங்கினேன். அவரிடம் காரணம் சொல்லவில்லை.

மெஷினை எங்கே வைப்பது என்பதற்கு நான் யோசிக்கவே இல்லை. எங்கள் சந்தில் தரை என்பது படுக்க, நடக்க, சாப்பிட. மற்ற எல்லாம் சுவரில்தான். டிவி சுவரில், வாஷிங் மெஷின் இரும்புத் தாங்கியில் சுவரில், தண்ணீர் டேங்க் சுவரில், ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜே சுவரில். பிறந்ததிலிருந்து அப்படிப் பார்த்த கண்ணுக்கு வேறு எப்படித் தோன்றும்? மெஷினைச் சுவரில் நிமிர்த்தி மாட்டிவிடுவது, பலகை ஸ்லேட் மாதிரி நின்றுகொள்ளும், தலை அதன் முகத்தில் ஊர்ந்து செதுக்கும், தூள் தானாகவே கீழே கொட்டும். தரை தரையாகவே இருக்கும், அவருடைய பாயும் இருக்கும். இந்த யோசனை வந்த அன்று எனக்கு நானே ஒரு பாதாம் அல்வா வாங்கிச் சாப்பிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தோல் பட்டறை. கடையநல்லூர் பாய் ஒருவர் வைத்திருக்கிறார். பெல்ட்டும் பர்ஸும் செய்கிறார்கள். போல்ட் அடிக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டேன். சுவர் ரெண்டு பேருக்கும் பொதுதானேக்கா, தாராளமா அடிங்க என்றார். சுவரைத் துளைத்து, தடித் தடியான போல்ட்டாக அடித்து, மயில் கழுத்துக் கலர்ச் சட்டத்தை மாட்டினோம். மகன் கோபர்கைரனேயிலிருந்து பழைய லேப்டாப்பை அனுப்பினான், என் அச்சு ஒன்றைப் போட்டோ பிடித்து அதைக் கம்ப்யூட்டர் மயிலாக மாற்றியும் கொடுத்தான். என்னை அங்கே கூட்டிப்போகக் காத்திருக்கிறவனே எனக்கு மயில் வரைந்து அனுப்பினான். அவன் என் பிள்ளை.

முதல் மயிலை மெஷின் செதுக்கியபோது நான் தரையில் உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை வலிக்கவில்லை. கை மடியில் சும்மா கிடந்தது. தலை போய்ப்போய் வந்தது, தோகை ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. ஏதோ ஒரு குளத்தின் அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது எனக்கு. அழுகை வந்தது, அழுதேன்.

பலகையைக் கழற்றி விரலால் தடவியபோது அழுகை நின்றது. குழிவு முழுக்கச் சிற்றலை. கண்ணுக்கு லேசாகத் தெரியும், விரலுக்கு நன்றாகத் தெரியும். மரச் சாமானில் அது இருந்தால் தேய்த்துப் பாலிஷ் போட்டு மறைக்கலாம், இந்தக் குழிவுக்குள் உப்புத்தாள் போகாது. சீனி எதையும் மறைக்காது. அந்த வரிகளில் பாகு போய்ப் பிடித்துக்கொள்ளும், அச்சைப் பிரிக்கும்போது கழுத்து ஒடிந்துவிடும். ஊற்றிப் பார்த்தேன். ஒடிந்தது.

அப்புறம் நான் பட்ட பாடு. ரயில் சரியில்லை என்றேன், மாற்றினேன். திருகில் ஆட்டம் இருக்கிறது என்றேன், மரையை இறுக்கினேன். மோட்டாரைச் சந்தேகப்பட்டேன். ஸ்பிண்டிலின் உள்ளே பேரிங் போயிருக்கும் என்று செம்பூர் கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போது என் வாயில் வந்ததெல்லாம் பேசினேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வேறொரு ஸ்பிண்டில் மாற்றிக் கொடுத்தார். அதிலும் அதே அலை. ஒவ்வொரு மயிலாக ஊற்றுவேன், ஒவ்வொன்றாகக் கழுத்து ஒடியும். ஒடிந்த சீனிக் கழுத்துகளை டப்பாவில் போட்டு வைத்தோம், வீட்டில் டீக்கு அதுதான். புரட்டாசி போய்க்கொண்டிருந்தது. மகன் போனில் மெஷினைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டான். உள் ரூமுக்கு ஏ.சி. போட்டிருப்பதாகச் சொன்னான்.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரர் வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார். நான் இன்னொரு மயிலை ஓடவிட்டு, வாசற்படியில் சாய்ந்தவள் அப்படியே கண் அசந்துவிட்டேன். தூக்கத்துக்குள் ஏதோ ஒன்று நின்றுபோனது. அந்த நிறுத்தம்தான் என்னை எழுப்பியது. கண்ணைத் திறந்தேன். மெஷின் ஓடுகிறது. ஃபேன் ஓடுகிறது. மழை தூறுகிறது. எதுவும் நிற்கவில்லை. ஆனால் வீடு என்னவோ ரொம்ப லேசாக இருந்தது, தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி மிதக்கிற மாதிரி. நான் எழுந்திருக்காமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, அந்த அமைதிக்குள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

பிறகு டொக் என்றது. டொக், டொக், டொக்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பிவிட்டார்கள். பசை தடவிய தோலின் ஓரத்தை மடக்கி, கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் அடிக்கிறார்கள். வருஷக்கணக்காக அடிக்கிறார்கள். எங்கள் காது அதைக் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டது. ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தேன். மெஷின் மேலிருந்து வரி வரியாக இறங்கி வரும். கொண்டையில் அலை. கழுத்தில், தோளில், அலை துளியும் இல்லை, வெண்ணெய். தோகை தொடங்குகிற இடத்தில் மறுபடியும் அலை, என் கண்ணெதிரே, ஒவ்வொரு டொக்குக்கும் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்தேன். சுவர் அதிர்ந்தது. நான் பார்த்துப் பார்த்து அடித்த ஒவ்வொரு போல்ட்டும் அந்த அடியை வாங்கி மயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. வீணாகத் திட்டு வாங்கிய செம்பூர் கடைக்காரரை மனசுக்குள் கும்பிட்டேன்.

எங்கள் சந்தில் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தத்தைப் பற்றி யாரும் யாரிடமும் பேச மாட்டார்கள். பேச ஆரம்பித்தால் ஒருவரும் பிழைக்க முடியாது. இருந்தாலும் பலகையைத் தூக்கிக்கொண்டு பாயிடம் போனேன். அவர் விரலால் அலையைத் தடவிப் பார்த்தார். பிறகு வழுவழுப்பான கழுத்தைத் தடவினார். முகம் சுண்டிவிட்டது.

"அப்ப சுத்தியல நிறுத்தணுமாக்கா?" என்றார்.

நிறுத்தச் சொல்லி வரவில்லை, காட்டத்தான் வந்தேன் என்றேன். உண்மைதான். அவர் சோற்றில் கைவைத்து நான் மயில் செதுக்கவா? அவர் அந்தப் பொதுச்சுவரில் அடித்திருந்த பலகையில் வரிசையாக இருந்த பசை டப்பாக்களைக் காட்டினார். நான் மெஷினை மாட்டியதிலிருந்து அந்த டப்பாக்கள் தினமும் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வருகின்றனவாம். சாயங்காலமானால் எடுத்துத் திரும்ப வைப்பாராம். முதலில் பெருச்சாளி என்று நினைத்தாராம். அவரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், சிரித்துக்கொண்டே நான் பலகையைத் தூக்கினேன். சுவர் ஆகாது என்றால் தரைதான். தரை எங்கே இருக்கிறது?

வீட்டுக்கு வந்து சாக்பீஸால் தரையில் வரைந்து பார்த்தேன். அடுப்பு மேடை ஒரு பக்கம், பீரோ ஒரு பக்கம், தண்ணீர் டிரம், வாசல். கால் வைத்து நிற்கிற மெஷின் என்றால் அது ஆடாமல் இருக்கப் பின்னாலும் முன்னாலும் கால் அகட்டி ஊன்ற வேண்டும். எப்படித் திருப்பிப் போட்டாலும் என் கோடு அவருடைய பாய்மேல்தான் போய் விழுந்தது. மாளா என்கிற எங்கள் பரணில் தவழ்ந்துதான் போகலாம், அதில் மகனுடைய பழைய புத்தகமும் குடமும் அடைந்து கிடக்கின்றன. விடியுமுன்பிலிருந்து அடுப்படியில் நின்று வருகிற மனுஷனுக்கு முதுகு சாய்க்கிற இடம் அந்தப் பாய் ஒன்றுதான். அழித்தேன், வரைந்தேன், அழித்தேன். கடைசியில் சாக்பீஸை வாசலுக்கு வெளியே எறிந்துவிட்டேன்.

அவர் எழுந்து முகம் கழுவியதும் சொன்னேன். நடக்காதுங்க, அவனுக்குப் போன் போட்டு வாரோம்னு சொல்லிருங்க என்றேன். சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெளியே போய், ஈரத்தில் கிடந்த சாக்பீஸைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் தரையில், சுவரை ஒட்டி நீட்டிப் படுத்தார்.

"ஏட்டி, எந்தோள ஒட்டி ஒரு கோடு போடு."

எனக்குப் புரியவில்லை. போட்டேன்.

"சுவருக்கும் கோட்டுக்கும் நடுவுல எனக்கு. அந்தாலக்கி முன்னங்கால ஊனு, இந்தாலக்கி பின்னங்கால ஊனு. மேல சாச்சுக் கெட்டு. நான் அடியில கெடந்துக்கிடுதேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆள் தலைக்கு மேலே இரும்பைக் கட்டச் சொல்கிறீர்களே, புத்தி கெட்டுப்போச்சா என்று கத்தினேன். அவர் படுத்தவாக்கிலேயே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருசமா ஒன் உளிச் சத்தத்துலதான தூங்குதேன், அங்க போயி ஏ.சி. சத்தத்துல எனக்கு எப்படித் தூக்கம் வரும் என்றார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நான் அந்தக் கோட்டின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்படித்தான் அந்தச் சட்டம் பிறந்தது. முன்கால்கள் சாக்பீஸ் கோட்டில், பின்கால்கள் சுவரோரம் சுவரைத் தொடாமல், நடுவே அவர் படுக்கிற இடம். பலகையைத் தாங்குகிற முகம் முன்காலிலிருந்து எழும்பிப் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். தூள் முன்பக்கம்தான் கொட்டும். என் பழைய நைலக்ஸ் சேலையைச் சரிவாகக் கட்டிச் சாக்கில் போய் விழும்படி செய்தேன், பின்பக்கம் மறைக்க இன்னொரு சேலை. கால் அகலம் கூடினால்தான் சட்டம் ஆடாது. நீங்க இன்னுங் கொஞ்சம் குண்டா இருந்திருந்தா மெஷின் இன்னும் நல்லா வந்திருக்கும் என்று அவரைச் சீண்டினேன். ஹோட்டல் மாஸ்டருக்கு உடம்பில் சதை பிடிக்காதது என் தொழிலுக்கு இவ்வளவு நஷ்டம் என்று யார் கண்டது?

சுவரின் பலம் போய்விட்டதால் சட்டத்துக்குக் கனம் வேண்டும். குழாய்களுக்குள் மணலை அடைத்து மூடினால் அதிர்வை அது விழுங்கிவிடும் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். ஆனால் மழைக்கால மணல், பிழிந்தால் தண்ணீர். உள்ளே துருப்பிடித்துவிடும். அவர் ஹோட்டலிலிருந்து பெரிய இரும்புச் சட்டியைக் கேட்டு வாங்கிவந்து, லுங்கியை மடித்துக் கட்டி, அடுப்பு முன்னால் நின்று மணலை வறுத்தார். உப்புமாவுக்கு ரவை வறுக்கிற அதே கைப்பக்குவம், அடிப்பிடிக்காமல், நிதானமாக. சந்தில் போனவர்கள் என்ன வாசனை என்று எட்டிப் பார்த்தார்கள். சூடு ஆறியதும் புனல் வைத்துக் குழாய்களில் ஊற்றினோம், பொலபொலவென்று ஓடிற்று. சட்டத்தின் கால்களுக்கு அடியில் வைக்க, பட்டறை பாய் செருப்பு அடித்தோலை வட்ட வட்டமாக வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். இதுக்கு மேல நம்ம சுத்தியல் ஏறாதுக்கா என்றார்.

ஓடவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் டொக் டொக். கொண்டை இறங்கியது, கழுத்து இறங்கியது, தோகை இறங்கியது. நான் பலகையைக் கழற்றாமலே கையை நீட்டித் தடவினேன், மேலிருந்து கீழ்வரை. பிறகு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு தடவினேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு மதியம் மகன் வந்தான். காலியான இரண்டு பெரிய சூட்கேஸோடு வந்தான், பாவம். சந்தில் அவற்றைத் திருப்ப முடியாமல் தலையில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் இறக்கினான். மெஷின் அப்போது ஒரு கோபுரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தது. காலையில் ஊற்றி வைத்திருந்த மயிலை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். கழுத்து நிமிர்ந்து, தோகையின் ஒவ்வொரு கண்ணும் தெளிவாக. அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குச் சந்தோஷம் வந்ததையும், அதன் பின்னாலேயே ஏமாற்றம் வந்ததையும் பார்த்தேன். எங்களைக் கூடவே வைத்துக்கொள்ள அவனுக்கும் எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் மெஷினைச் சுற்றி வந்தான். கம்ப்யூட்டர்க்காரன் கண். இவ்வளவு சின்ன ரூமில் சட்டத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கலாமே என்றான்.

"நடுவுல எதுக்கும்மா இவ்ளோ ஜகா விட்டிருக்க?"

நான் சுவிட்சை அணைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, பட்டறையும் லீவு. அறை முழுக்க அமைதியானது. பின்பக்கத்துச் சேலையை விலக்கிக் காட்டினேன். அவன் மயிலைக் கையில் வைத்தபடியே குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்தான். சுவருக்கும் இரும்புக்கும் நடுவே, ஒரு மனுஷனின் தோளுக்கு மட்டும் அளவாக விட்ட இடத்தில், அவனுடைய அப்பா ஒருக்களிக்காமல் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். இவன் உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தான். கையில் சீனி வியர்த்து ஒட்ட ஆரம்பித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

உள்ளே அவர் புரண்டார். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஏட்டி, என்ன சத்தத்தக் காணோம்? ஓடவிடு, தூங்கணும்லா."

நான் மகனைப் பார்த்தேன். அவன் சேலையை மெதுவாக இழுத்து மூடிவிட்டு, சரி என்று தலையை ஆட்டினான். சுவிட்சைப் போட்டேன்.